வல்கனின் கடைசிப் பயணம்

2015ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள். இங்கிலாந்தின் டான்காஸ்டர் விமான நிலையத்திலிருந்து முக்கோண வடிவ இறக்கை கொண்ட பெரிய விமானம் ஒன்று மேலெழுந்தது. சிறிது நேரம் வானில் வட்டமிட்டபின் அதே ஓடுபாதையில் இறங்கியது. உலகில் பறக்கும் நிலையில் எஞ்சியிருந்த ஒரே வல்கன் விமானம் அதுதான். அன்று அதன் இயந்திரங்கள் நன்றாகவே இயங்கின. ஆயினும், அது மீண்டும் பறக்கவில்லை.

வல்கன், பிரிட்டிஷ் விமானப் படைக்காக அணுகுண்டு ஏந்திச் செல்லும்படி உருவாக்கப்பட்ட போர் விமானம். முதல் மாதிரி விமானம் 1952இல் பறந்தது. 1960களில் இந்தோனேசிய மோதல் காலத்தில் வல்கன் விமானங்கள் பட்டர்வொர்த் தளத்திற்கும் வந்து நின்றன. டான்காஸ்டரில் இறங்கிய விமானம் 1960இல் சேவைக்கு வந்தது. 1993இல் விமானப் படை அதை விற்றுவிட்டது. வாங்கிய குடும்பத்தினர் அதைப் பழைய இரும்புக்குப் போகவிடாமல் காத்தனர். பிறகு ஆர்வலர்கள் அமைத்த அறக்கட்டளை ஒன்று அதைப் பொறுப்பேற்றது. பொதுமக்களின் நன்கொடையும் குலுக்கல் சீட்டு வருவாயிலிருந்து மரபுடைமைகளுக்குக் கிடைத்த நிதியும் சேர்ந்து, 2007 அக்டோபரில் அது மீண்டும் வானேறியது.

அதன் பிறகு எட்டு ஆண்டுகள் அது சென்ற இடமெல்லாம் கூட்டம் திரண்டது. நான்கு இயந்திரங்களும் முழு விசை பெறும்போது எழும் ஊளை போன்ற ஓசையைக் கேட்கவே பலர் வந்தனர். கூடத்தில் நிற்கும் விமானம் வெறும் உலோகம். பறந்தால்தான் அது விமானம் என்பது அவர்களின் வாதம். இதை வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. ஓசையையும் அசைவையும் எந்த அருங்காட்சியகத்தாலும் பாதுகாக்க இயலாது அல்லவா?

எனினும், பழைய விமானத்தில் சிறு கவனக்குறைவும் பெருஞ்சேதமாகிவிடும். 2012 மே மாதம் வல்கன் ஓடுபாதையில் வேகமெடுத்தபோது, ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைக்கப்பட்டு, எடுக்க மறந்த சிறு பைகள் இயந்திரத்திற்குள் இழுக்கப்பட்டன. இடப்பக்க இயந்திரங்கள் இரண்டும் பாழாயின. விமானி உடனே விமானத்தை நிறுத்தியதால் எவருக்கும் காயமில்லை. ஆனால், அவ்வகை இயந்திரத்தை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. இருப்பில் உள்ளவை தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

இறுதியில் அதன் பயணத்தை முடித்து வைத்தது உதிரிப்பாகங்களின் பற்றாக்குறை மட்டுமன்று. இத்தகைய விமானம் பறக்க வேண்டுமானால், அதை நன்கு அறிந்த நிறுவனங்கள் தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்க வேண்டும். அப்பொறுப்பை வகித்த மூன்று நிறுவனங்களும் 2015க்குப் பின் தொடர முடியாது என்று அறிவித்தன. அந்த விமானம் வேறெந்த வல்கனையும்விடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் நேரம் பறந்திருந்தது. எந்தப் பாகம் எப்போது தளரும் என்பதைக் கூற முன்னனுபவம் எங்கும் இல்லை. அதை வடிவமைத்துப் பராமரித்த பொறியாளர்களோ ஓய்வு பெற்று நெடுங்காலமாகிவிட்டது. உலோகத்திற்கு முன்பே அதைப் பற்றிய அறிவு தேய்ந்துகொண்டிருந்தது.

இம்முடிவு வெளியானபோது ஆர்வலர்கள் பலர் மனம் கசந்தனர். சில மாதங்களில், ஆகஸ்ட் 22ஆம் நாள், ஷோரம் நகர விமானக் காட்சியில் ஹண்டர் என்னும் பழைய போர் விமானம் நெடுஞ்சாலையில் விழுந்தது. அதற்கு விமானியின் பிழையே காரணம் என்று விசாரணை பின்னர் கூறியது. இறந்த பதினொருவரும் தரையில் இருந்தவர்கள். பலர் காட்சி பார்க்கக்கூட வராமல் அவ்வழியே சென்றவர்கள். அதுவரை ஆர்வலர்களின் பேச்சில் விமானமும் விமானியும்தான் இருந்தனர். சாலையில் செல்பவரும் அதில் சேர்ந்துகொண்டார்.

தரையில் வைத்தால் ஆபத்தே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2022இல் வெல்ஸ்போர்ன் என்னும் இடத்தில், பறக்காமல் ஓடுபாதையில் மட்டும் ஓட்டிக் காட்டப்பட்ட மற்றொரு வல்கன், பாதையின் முடிவையும் தாண்டிப் போய் நின்றது. லண்டனில் உள்ள விமானப் படை அருங்காட்சியகத்து வல்கன் கூரையின்கீழ் அசையாமல் நிற்கிறது. டான்காஸ்டர் வல்கனுக்கு அந்தக் கூரையும் வாய்க்கவில்லை. 2022 இறுதியில் அந்த விமான நிலையமே மூடப்பட்டபோதும், அது திறந்த வெளியில் மழையில் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தது.