முளைகட்ட எது நல்லது: துணியா, பாட்டிலா, டப்பாவா?

திருவண்ணாமலையில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் சிலர் காலையில் முளைகட்டிய பயறு சாப்பிடுகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் எதில் முளைகட்டுவது என்பதை அவர்கள் யோசித்து முடிவு செய்வதில்லை. செல்போனில் பார்த்த வீடியோ முடிவு செய்கிறது, இல்லையென்றால் ஊரிலிருந்து டப்பா வாங்கிக் கொடுத்தனுப்பும் அம்மா முடிவு செய்கிறார். நாலு நாளில் பூசணம் பிடிக்கிறது. பயறைக் கொட்டிவிட்டு, "நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று விட்டுவிடுகிறார்கள். பார்க்கப் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

துணி மூட்டை எல்லோருக்கும் தெரிந்ததே. பச்சைப்பயறை 8 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் தளர்வாக முடிந்து தொங்கவிட்டால் சித்திரை வெயிலில் மறுநாளே முளை எட்டிப் பார்க்கும். கொள்ளு, கொண்டைக்கடலைக்கு 12 மணி நேரம் ஊறலும் கூடுதலாக ஒரு நாளும் வேண்டும். கண்ணாடி பாட்டிலும் நல்லதுதான். வாயில் வலைத்துணி கட்டிச் சாய்த்துக் கவிழ்த்து வைத்தால் தண்ணீர் வடியும், உள்ளே நடப்பதும் கண்ணுக்குத் தெரியும்.

நான் எச்சரிப்பது மூன்றடுக்கு பிளாஸ்டிக் டப்பாவைப் பற்றி. மேல்தட்டில் ஊற்றும் தண்ணீர் தட்டுத் தட்டாக இறங்கி அடியில் தேங்குகிறது. மேலே இருக்கும் பயறைக் கழுவிய தண்ணீரில்தான் கீழே இருக்கும் பயறு நனைகிறது. அடித்தண்ணீரைக் கொட்ட மறந்தால் நம் ஊர் வெயிலுக்கு அன்றைக்கே நாறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையிலோ மூடிய டப்பாவுக்குள் புழுக்கம் வெளியேற வழியில்லை. இவற்றையும்விட மோசம் தட்டுகளில் இருக்கும் சின்னத் துளைகள். முளை அதில் நுழைந்து அறுந்து சிக்கிக்கொள்ளும். எங்கள் வீட்டுக்கும் ஒரு டப்பா வந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகும் துளையில் ஊசியை விட்டு எடுத்தால் பழுப்பாக, வழவழவென்று ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்த தடவை வரும் பூசணம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. துணியை வெந்நீரில் கொதிக்கவிட்டு வெயிலில் உலர்த்தலாம். அந்த பிளாஸ்டிக்கைக் கொதிக்க வைக்க முடியாது. நான் துணியின் பக்கம்தான், அதில் ஒளிவுமறைவில்லை.

எதில் கட்டினாலும் சில காரியங்கள் பொது. ஊறவைக்கும்போது மிதப்பதையும், உடைந்த பயறையும் எடுத்துவிடுங்கள். முதலில் அழுகுவது அவைதான். காலையும் மாலையும் அலசுங்கள், வெயில் நாளில் மதியமும். அலசிய தண்ணீர் முழுக்க வடிய வேண்டும். வேரை மட்டும் ஒட்டிப் பஞ்சுபோல வெள்ளையாகத் தெரிவது வேர்த்தூவி. அலசினால் படிந்துவிடும், பயப்பட வேண்டாம். பயறுக்குப் பயறு நூலாம்படை போலப் படர்ந்து, சாம்பலோ பச்சையோ பூத்து, முக்கல் வாடை அடித்தால் அது பூசணம். மேலாக எடுத்துவிட்டு மிச்சத்தைத் தின்னாதீர்கள், மொத்தத்தையும் கொட்டுங்கள்.

விதைக்கடையில் விதைப்புக்காக விற்கும் பயறை வாங்கவே கூடாது. அதில் பூசணக்கொல்லி மருந்து கலந்திருக்கலாம், அப்படிக் கலந்ததில் பெரும்பாலும் சாயமும் ஏற்றியிருப்பார்கள். மளிகைக் கடைப் பயறே போதும். முளைக்குத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடித்தமானவை. 2011இல் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமி பரவி 50 பேருக்கு மேல் இறந்தார்கள். விசாரணை எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையில் கட்டிய முளையில் போய் முடிந்தது. அதனால் பச்சையாகத் தின்பதைவிட, வேகவைத்துச் சுண்டலாகத் தாளித்துச் சாப்பிடுவதே என் யோசனை. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்களுக்கு இது கட்டாயம்.

தம்பி, தங்கைகளே, அடுத்தவர் அறையில் இருக்கிறது என்பதற்காக எதையும் வாங்காதீர்கள். விடியற்காலையில் கிளம்பி ராத்திரி திரும்புகிறவருக்குக் கொண்டைக்கடலை தோதுப்படாது, பச்சைப்பயறு தோதுப்படும். நம் பொழுதும் நம் சுபாவமும் எதற்கு இடம் கொடுக்கின்றன என்று பார்ப்பதுதான் தேர்வு. பாடப்பிரிவை எடுப்பதிலும் வேலைக்குப் போவதிலும் இதே கதைதான். பெற்றவர் ஆசைப்பட்டார், நண்பன் சேர்ந்தான் என்று போனவர்கள் பாதியில் திரும்புவதை நிறையப் பார்க்கிறோம். ஒன்றை எடுத்தால் அது பிடிபடும்வரை பொறுமையாக நில்லுங்கள். ஒரு கைப்பிடி பச்சைப்பயறும் ஒரு முழத் துணியும் போதும்; ஒரு மாதம் விடாமல் செய்து பாருங்கள், பிறகு வேறெது வேண்டுமென்று நீங்களே முடிவு செய்யலாம்.