மின்சாரம் திரும்பியது, நிரல் ஏன் திரும்பவில்லை?

மாணவர்களே, இரண்டு வாரப் பள்ளி விடுமுறையில் ஆய்வகத்தை ஒட்டிய நாற்றுக் கொட்டகையின் வெப்பநிலையைப் பதிவு செய்ய ஓர் அறிவியல் கழகம் முனைந்தது. நானும் உடன் இருந்தேன். பழைய மேசைக் கணினி ஒன்றில் வெப்ப உணரியைப் பொருத்தி, 10 நிமிடத்திற்கு ஒருமுறை அளவெடுக்கும் சிறிய பைத்தான் நிரலை ஓடவிட்டோம். 14 நாளில் 2,016 அளவுகள் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தவை 336. சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்கிய பதிவு, திங்கட்கிழமை மாலை 4 மணிக்கு இடிமழையில் மின்சாரம் தடைபட்டதும் நின்றுபோனது. மின்சாரம் அன்றே திரும்பியது. நிரல் திரும்பவில்லை.

"ஸ்டார்ட்அப் கோப்புறையில் போட்டிருந்தோமே!" என்றார் ஒரு மாணவர். உண்மைதான். விண்டோஸ் விசையோடு 'ஆர்' விசையை அழுத்தி 'ஷெல்:ஸ்டார்ட்அப்' என்று தட்டினால் (ஆங்கில எழுத்தில்தான்) அந்தக் கோப்புறை திறக்கும். அதில் நிரலின் குறுக்குவழியை வைத்தால் அது தானாகத் தொடங்கும். ஆனால் எப்போது? யாராவது கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே நுழைந்த பிறகு! விடுமுறையில் யார் வந்து தட்டுவார்?

கணினி எழுவதில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் மின்சாரம் வந்து, தாய்ப்பலகையிலுள்ள சிறு மென்பொருள் விழித்து, நினைவகம், வட்டு போன்றவற்றைச் சோதிக்கிறது. அடுத்து விண்டோஸ் நினைவகத்தில் ஏறுகிறது. அப்போதே, நுழைவுத் திரைக்குப் பின்னால், பல சேவை நிரல்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. மூன்றாவதுதான் பயனர் நுழைவது. யுனிக்ஸ் உலகில் பின்னணி நிரலுக்கு 'டீமன்' என்று பெயர். 1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தவர்கள் மேக்ஸ்வெல்லின் கற்பனைப் பூதத்தை நினைத்து வைத்த பெயர் அது. இயற்பியல் படிப்பவர்கள் அந்தப் பூதத்தைப் பின்னாளில் சந்திப்பீர்கள்.

நமக்கு வேண்டியது இரண்டாம் கட்டம். அதற்கு விண்டோஸில் 'டாஸ்க் ஷெட்யூலர்' இருக்கிறது. புதிய பணியை உருவாக்கி, தொடங்கும் நேரமாக 'அட் ஸ்டார்ட்அப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே 'அட் லாக் ஆன்' இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். பயனர் நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இயக்கு என்ற தேர்வையும் குறியுங்கள். இப்படி ஓடும் நிரலுக்குத் திரையில் சன்னல் தெரியாது. அது உயிரோடு இருக்கிறதா என்பதை அது எழுதும் கோப்பைப் பார்த்துத்தான் அறிய முடியும்.

அந்தக் கோப்பு எங்கே என்பதிலும் ஒரு சிக்கல். நிரலில் கோப்பின் பெயரை மட்டும் எழுதியிருந்தால், நாம் கையால் இயக்கும்போது அது நம் கோப்புறையில் தேடும். ஷெட்யூலர் இயக்கும்போதோ விண்டோஸின் 'சிஸ்டம்32' கோப்புறையில் தேடும். அதனால் 'ஸ்டார்ட் இன்' என்ற பெட்டியில் நம் கோப்புறையின் முழு முகவரியைத் தர வேண்டும். 'விருப்பமிருந்தால் நிரப்பவும்' என்று அங்கே போட்டிருப்பதை நம்பாதீர்கள்.

முதல் கட்டத்தையும் மறக்கக்கூடாது. மின்சாரம் திரும்பியதும் பல மேசைக் கணினிகள் அணைந்தே கிடக்கும். எங்களுடையதும் அப்படித்தான் கிடந்தது. தாய்ப்பலகை அமைப்புகளில் மின்தடைக்குப் பிறகு என்ன செய்வது என்ற பகுதியைத் தேடி, 'பவர் ஆன்' என மாற்ற வேண்டும். தயாரிப்பாளருக்கு ஏற்ப அதன் பெயர் மாறும். பழைய தாய்ப்பலகையில் 3 வோல்ட் காசு மின்கலம் தீர்ந்திருந்தால், மின்தடையின்போது இந்த அமைப்பே அழிந்துவிடலாம். கணினியின் தேதியும் பல ஆண்டு பின்னோக்கிப் போய்விடும்.

எல்லாவற்றையும் சரிசெய்து அடுத்த விடுமுறைக்குக் காத்திருந்தோம். இம்முறை மின்தடையே இல்லை. ஆனாலும் கிடைத்தவை 432 அளவுகள்தான்! மாணவர்கள் முகம் வாடிப்போனது. ஒரு மாணவி மட்டும் தாளில் கணக்குப் போட்டார்: மணிக்கு 6 அளவு, 432-ஐ 6-ஆல் வகுத்தால் 72 மணி நேரம். சரியாக மூன்று நாள். பழுது இவ்வளவு துல்லியமாக நேரம் பார்க்காது என்றார் அவர். அமைப்புகளைத் துருவியபோது, மூன்று நாளுக்கு மேல் ஓடும் பணியை நிறுத்து என்ற வரி முன்கூட்டியே குறியிடப்பட்டிருந்தது. அதை நீக்கினோம். மடிக்கணினி வைத்திருப்போர், மின்கலத்தில் ஓடும்போது பணியைத் தொடங்காதே என்ற குறியையும் நீக்கிவிடுங்கள்.

உங்கள் கணினியில் செய்து முடித்ததும் இப்படிச் சோதியுங்கள். கணினியை முறையாக அணைத்து, சுவர் சுவிட்சையும் மூடுங்கள். ஒரு நிமிடம் கழித்துச் சுவர் சுவிட்சை மட்டும் போடுங்கள். விசைப்பலகையைத் தொடாமல் அரை மணி நேரம் பொறுத்திருங்கள். பிறகு உள்ளே நுழைந்து கோப்பின் கடைசி வரிகளைப் பாருங்கள். நீங்கள் நுழைவதற்கு முந்தைய நேரத்தில் அளவுகள் பதிவாகியிருந்தால் விடுமுறைக்குக் கிளம்பலாம்.