கண்டென்சரும் கெபாசிட்டரும்
(ஒரு கருத்தரங்கில் கற்ற பாடம்)



கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டு நாள் நடந்த மண்டலத் தொழில்நுட்பக் கருத்தரங்குக்கு நம் மின்னியல் துறையிலிருந்து நாங்கள் நான்கு பேர் போய் வந்தது உங்களுக்குத் தெரியும். "என்ன பார்த்தீங்க, என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்போதே பதில் சொல்லிவிட்டேன். (தக்காளி சாதம். நன்றாகவே இருந்தது.) அங்கே நான் திருத்திக்கொண்ட ஒரு தப்பைப் பற்றி மட்டும் இங்கு எழுதுகிறேன். மெஷின்ஸ் பேப்பருக்கும் உதவும்.

முதலில் எங்கள் வீட்டுச் சண்டையைச் சொல்ல வேண்டும். அவிநாசி பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர், ஒரு போர்வெல், 7.5 எச்.பி. மோட்டார். நான் ஒன்பதாவது படித்த வருடம் கோடையில் அந்த மோட்டார் இரண்டு முறை கருகியது. ரீவைண்டிங் கூலிக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. நான் டிப்ளமோ சேர்ந்த பிறகுதான் திரும்பி வந்தது. அதனால் இரண்டாம் ஆண்டில் பவர் ஃபேக்டர் பாடம் படித்ததும் நேரே அப்பாவிடம் போய், "கெபாசிட்டர் ஒண்ணு வாங்கி மாட்டுங்கப்பா, இனி மோட்டார் கருகாது" என்றேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்டென்சர் போட்டுத்தான அம்மிணி மோட்டாரே புகைஞ்சுது? மறுக்காவும் அதையே வாங்கச் சொல்றயா?" என்றார். பள்ளிக்கூடமே போகாதவருக்கு என்ன தெரியும் என்று அன்றைக்கு நான் நினைத்தது உண்மை.

கருத்தரங்கின் முதல் நாள் காலை முழுவதும் ஆங்கிலம். பாதி புரிந்தது, மீதி ஸ்லைடில் ஓடியது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் வந்த பிறகு கோவையில் மில்கள் பெருகியதையும், 1937-ல் ஜி.டி. நாயுடுவின் பீளமேடு தொழிற்கூடத்திலிருந்து இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார் வெளிவந்ததையும் ஒருவர் சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாம் தினம் பஸ்ஸில் கடந்து போகிற பீளமேடு!

மதியம் ஓய்வு பெற்ற மின் பொறியாளர் ஒருவர் பேசினார். தலைப்பு பம்ப்செட்டில் மின் சேமிப்பு. தமிழும் ஆங்கிலமும் கலந்து, போர்டில் எழுதியே விளக்கினார்.

மோட்டார் வாங்கும் கரண்டில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று தண்ணீரை மேலே தூக்கும் வேலைக்கு. மற்றொன்று மோட்டாருக்குள் காந்தப்புலம் உண்டாக்க. இரண்டாவது செலவாகிப் போவதில்லை. டிரான்ஸ்ஃபார்மரிடம் கைமாற்று வாங்கி உடனே திருப்பிக் கொடுப்பது போன்றது, அதுவும் ஒரு வினாடிக்கு நூறு தடவை. ஆனால் போகவும் வரவும் அத்தனை தூரம் கம்பி வழியாகத்தானே வர வேண்டும்? கெபாசிட்டரை மோட்டாருக்குப் பக்கத்தில் இணையாக மாட்டினால், அந்தக் கைமாற்றில் பெரும்பகுதி பக்கத்து வீட்டிலேயே முடிந்துவிடும்.

அவர் போட்ட கணக்கு இது. 7.5 எச்.பி. மோட்டார், 415 வோல்ட், உள்வாங்கும் திறன் 6.7 கிலோவாட். பவர் ஃபேக்டர் 0.75 என்றால் கரண்ட் 12.4 ஆம்பியர். அதை 0.92 ஆக்கினால் 10.1 ஆம்பியர். கம்பியில் வெப்பமாக வீணாவது கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அந்த நஷ்டம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

கேள்வி நேரம் வந்தது. பின்வரிசையிலிருந்து கை தூக்கினேன். மைக் கைக்கு வந்ததும் தயார் செய்து வைத்திருந்த ஆங்கில வாக்கியம் மறந்தே போயிற்று. தமிழிலேயே கேட்டேன்: "சார், அப்படின்னா கெபாசிட்டர் போட்டா மோட்டார் சூடாகாது, கருகாது... சரிங்களா?" முன்வரிசையில் யாரோ சிரித்தது கேட்டது.

அவர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்விம்மா. ஆனா தப்பு" என்றார். கரண்ட் குறைவது கெபாசிட்டருக்கு முன்னால், லைன் பக்கம்தான். கெபாசிட்டருக்குப் பின்னால் மோட்டார் தன் 12.4 ஆம்பியரை அப்படியேதான் வாங்கும்! வைண்டிங்குக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. லைனில் கரண்ட் குறைவதால் கடைக்கோடியில் வோல்டேஜ் சற்று உயரும், அவ்வளவுதான் மோட்டாருக்கு லாபம். நான் பாடத்தில் படம் வரைந்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன், இது தோன்றவே இல்லை.

பிறகு அவரே கேட்டார், "உங்க தோட்டத்துல மோட்டார் எப்ப கருகுச்சு? டூ ஃபேஸ்ல கண்டென்சர் வெச்சு ஓட்டினீங்களா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கம் அந்த நாளில் மும்முனை மின்சாரம் சில மணி நேரம்தான். மற்ற நேரம் இரண்டு முனை. பயிர் காய்கிறதே என்று எல்லாரும் கண்டென்சர் மூலம் மூன்றாவது முனைக்கு மின்சாரம் கொடுத்து ஓட்டினார்கள். அப்படி ஓட்டினால் மூன்று வைண்டிங்கிலும் கரண்ட் சமமாக இராது. முழு லோடில் ஒரு வைண்டிங் மட்டும் காய்ந்து கருகும். கோடையில் வோல்டேஜும் 340-க்கு இறங்கினால் கேட்கவே வேண்டாம். டார்க் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். அதே தண்ணீரைத் தூக்க மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். வைண்டிங் வெப்பம் ஒன்றரை மடங்காகும்.

ஆக, பொருள் ஒன்று, வேலை இரண்டு. அப்பா சொன்ன கண்டென்சர் இல்லாத ஃபேஸுக்குப் பதிலாக நின்றது. நான் சொன்ன கெபாசிட்டர் மூன்று ஃபேஸும் இருக்கும்போது அவற்றுக்கு இணையாக நிற்பது. அது மோட்டாரைக் கருக்கியது என்று அவர் சொன்னது சரி. இது மோட்டாரைக் காக்கும் என்று நான் சொன்னதுதான் தப்பு.

மோட்டாரைக் காக்க வேண்டியது சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டரும், சரியாக செட் செய்த ஓவர்லோடு ரிலேயும். கெபாசிட்டரும் வேண்டும், ஆனால் பெரிதாக வேண்டாம்: அதன் கரண்ட் மோட்டாரின் நோ-லோடு கரண்டில் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. (வைவாவில் கேட்பார்கள்.) ஸ்விட்சை அணைத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும், உடனே கை வைக்காதீர்கள்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம், "நீங்க சொன்னதுதான் சரிங்கப்பா" என்று ஆரம்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மஞ்சள் விற்ற காசில் பிரிவென்டரும், 3 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டரும் வாங்கி வந்துவிட்டார். வயர்மேன் அண்ணன் மாட்டிக் கொடுத்தார். லேபிலிருந்து அனுமதி வாங்கிக் கொண்டு போன டாங் டெஸ்டரை முதலில் மோட்டார் பக்க வயரில் மாட்டினேன், 11.8. பிறகு லைன் பக்கம், 9.6.

அப்பா இரண்டு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார். "நடுவுல ரண்டு ஆம்பியர் எங்க அம்மிணி போச்சு?"

பக்கத்து வீட்டுக் கைமாற்றுக் கதையைச் சொன்னேன்.

"வட்டி உண்டா?"

"வயர் கொஞ்சம் சூடாகுமில்லீங்கப்பா, அதுதான் வட்டி. தூரம் கம்மியானா வட்டியும் கம்மி."

"அப்ப டிரான்ஸ்ஃபார்மர்லிருந்து நம்ம தோட்டம் வரைக்கும் இருக்கறவங்க எல்லாம் போட்டா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பாவைக் கூப்பிடப் போய்விட்டார்.