பட்டனை அழுத்தியும் அசையாத பெட்டி

பத்து வருஷம் உழைத்த டெஸ்க்டாப் ஒருநாள் காலையில் பட்டனை அழுத்தியும் சும்மா கிடந்தால், வீட்டில் முதலில் கேட்கும் குரல், "சி.பி.யு. போச்சு." அந்தப் பெட்டிக்குப் பெயரே சி.பி.யு. இல்லை. உள்ளே, விசிறிக்கு அடியில் ஒளிந்திருக்கும் சதுரச் சில்லுதான் அது. அது சாவது அபூர்வம்.

நம்பிக்கை: ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினால் எழுந்துவிடும்.

உண்மை: அது வேறு நோய்க்கான மருந்து. ராம் சரியாக உட்காராவிட்டால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், சில போர்டுகளில் 'பீப்' கேட்கும். திரை மட்டும் கறுப்பாக நிற்கும். அதற்குப் பெயர் 'டிஸ்ப்ளே வரலை'. விசிறியும் சுற்றவில்லை, விளக்கும் இல்லை என்றால் அது 'பவர் வரலை'. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பணம் வீணாகிறது.

நம்பிக்கை: சீமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது, அதனால்தான்.

உண்மை: அந்த 3 வோல்ட் பட்டன் செல்லின் வேலை கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பது. தீர்ந்தால் தேதி பல வருஷம் பின்னே போகும். அது இல்லாமல் முரண்டு பிடிக்கும் போர்டுகள் உண்டு, ஆனால் மிகச் சில.

நம்பிக்கை: மதர்போர்டு போயிருக்கும், மாற்ற வேண்டியதுதான்.

உண்மை: போர்டு கடைசிச் சந்தேகமாக இருக்கட்டும். சுவரிலிருந்து தொடங்குங்கள். பழைய யு.பி.எஸ்.ஸின் பேட்டரி செத்திருக்கலாம். அதை ஒதுக்கிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். பெட்டியின் பின்னால், உள்ளே மின்சாரம் தரும் டப்பாவான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒட்டடை அடிக்கும்போது அது அணைந்திருக்கலாம். அடுத்தது முன்பக்கப் பட்டன். என் பழைய கணினிக்கு ஒரு கடையில் "போர்டு அவுட்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். பட்டனிலிருந்து வரும் ஒயரை உருவிவிட்டு, போர்டில் அது செருகியிருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டேன். விசிறி சுற்றியது. தேய்ந்துபோனது பட்டன் மட்டும்தான்.

அதற்கும் அசையவில்லையா? மல்டிமீட்டரை எடுங்கள். சுவரில் கரண்ட் இருந்தால், கணினி அணைந்திருக்கும்போதே எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து போர்டுக்குப் போகும் ஊதா ஒயரில் 5 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ். மீதுதான் சந்தேகம்.

நம்பிக்கை: பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைத்ததும் விசிறி சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ். நல்லது.

உண்மை: பாதி உண்மை. போர்டிலிருந்து கழற்றிய நிலையில் விசிறியைச் சுற்றுவது எளிது, சுமை ஏறினால் படுத்துவிடுவதும் உண்டு. மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வருகிறதா, 5 சதவீதத்துக்கு மேல் விலகுகிறதா என்று அளந்து பாருங்கள். நிச்சயமாகத் தெரிய, வேலை செய்யும் இன்னொன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதே சிறந்த வழி. ஆனால் எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே சுமார் 325 வோல்ட் டி.சி.யாக மாறுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர் அதைச் சிறிது நேரம் பிடித்துவைத்திருக்கும்.

இத்தனைக்கும் பிறகுதான் போர்டு. 2000களின் தொடக்கத்தில் வந்த பல போர்டுகளில் தரமற்ற கெபாசிட்டர்கள் இருந்தன. தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதுதான் குற்றவாளி. சாலிடரிங் தெரிந்தவர் சில ரூபாய் கெபாசிட்டர்களை மாற்றி போர்டைப் பிழைக்கவைத்துவிடுவார்.

நம்பிக்கை: கம்ப்யூட்டர் போனால் போட்டோ எல்லாம் போச்சு.

உண்மை: பவர் வராத பெட்டிக்குள் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். ஒரு யு.எஸ்.பி. அடாப்டர் இருந்தால் வேறு கணினியில் படிக்கலாம். பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதானாலும், முதலில் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.