ஆவாரையும் பேயாவாரையும்

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாக ஏலமலைக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில், வறண்ட தரிசுகளில் ஆவாரை பொன்னிறமாய்ப் பூத்து நிற்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஆனால் குப்பைமேட்டிலும் சாலையோரத்திலும் வளரும் அதன் உறவான பேயாவாரையை இனம் காண்போர் நம்மில் சிலரே. இவ்விரண்டையும் ஒப்பிட்டு அறிவது தேர்வுக்கு மட்டுமன்று, வீட்டிற்கும் பயன் தருவதாகும்.

இரண்டும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இரண்டையும் ‘கேசியா’ என்னும் பேரினத்தில் வைத்தார். இன்று அவை ‘சென்னா’ என்னும் பேரினத்தில் அடங்கும். ஆவாரை, சென்னா ஆரிக்குலேட்டா. ‘காதுடையது’ என்பது பொருள். பேயாவாரை, சென்னா ஆக்சிடென்டாலிஸ். ‘மேற்கத்தியது’ என்பது பொருள். அமெரிக்க வெப்பமண்டலமே இதன் தாயகம். ஆவாரையோ நம் மண்ணுக்கே உரியது.

பூ இரண்டிலும் மஞ்சளே. ஆகவே இலையைப் பார்ப்போம். ஆவாரையின் ஓர் இலையில் ஏறத்தாழ 8 முதல் 12 இணைச் சிற்றிலைகள் உண்டு. அவை சிறியவை, நுனி மழுங்கியவை. இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்ற அகன்ற செதில்கள் இருக்கும். பேயாவாரையில் பெரும்பாலும் 4 அல்லது 5 இணைகளே. சிற்றிலைகள் பெரியவை, நுனி கூரியவை. காதுமடல் இல்லை. கசக்கினால் கெட்ட வாடை வீசும். காயும் வேறு. ஆவாரங்காய் காகிதம்போல் மெலிந்து தட்டையாக இருக்கும். மற்றது சற்றே தடித்து, வளைந்து, விதைகள் நெருங்கியிருக்கும்.

ஆவாரம்பட்டை தோல் பதனிட உதவுகிறது. அதன் பூ பொங்கலுக்குக் காப்புக் கட்டவும், நிழலில் உலர்த்திக் குடிநீர் காய்ச்சவும் பயன்படுகிறது. “ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ” என்பது பழமொழி. ஆனால் இப்பெருமை பேயாவாரைக்கு இல்லை. உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் பல ஆண்டுகளாகக் குழந்தைகள் திடீரென மயங்கி இறந்தனர். மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. பேயாவாரை விதைகளைத் தின்றதே காரணமாகலாம் என்பதை 2007இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அவ்விதை கல்லீரலையும் தசையையும் மூளையையும் தாக்குகிறது.

பேய்ச்சுரை, பேய்ப்புடல் என்பனபோல, உண்ணத்தகாத உருவொப்புச் செடிகளுக்குப் ‘பேய்’ என்னும் முன்னொட்டிட்டு நம் முன்னோர் எச்சரித்தனர். ஊருக்கு ஊர் பெயர் மாறலாம். இலையின் காது மாறாது. ஆகவே தோழியரே, காதைப் பார்த்தே பூவைப் பறிப்போம். விளையாடும் தம்பி தங்கையர் பேயாவாரை விதையைத் தின்றுவிட்டால், கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல், அக்காயையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்வோம்.