பந்தியை விட்டு யாரும் எழுந்து போகாதபடி

அன்புத் தம்பி,

இறையியல் படிப்பை முடித்து முதல் சேகரத்தில் பொறுப்பேற்ற கையோடு நீ எழுதிய கடிதம் கிடைத்தது. கிருபையைப் பற்றிப் பிரசங்கித்தால் ஜனங்கள் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள், கண்டித்துப் பேசினால் ஆராதனை முடிந்தபின் ஜெபிக்கச் சொல்லி வரிசையில் நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். "இப்படித்தான் பேசணும் ஐயரே" என்று மூப்பர்களும் சொல்கிறார்களாம். எந்த வழியில் போவது என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வி இன்னும் பல இளம் ஊழியர்களுக்கும் இருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

பயம் சீக்கிரம் பலன் காட்டும். பயந்தவன் அடுத்த வாரமும் வருவான், காணிக்கை போடுவான், கையை உயர்த்தச் சொன்னால் உயர்த்துவான். ஆனால் பரலோகத் தகப்பனை நம்பி வந்தானா, உன் குரலுக்கு அஞ்சி வந்தானா என்பது அவனுக்கே தெரியாமல் போய்விடும். பயத்தால் நிறைந்த ஆலயத்தைப் பயத்தைக் கொண்டேதான் காக்க வேண்டிவரும். வாரத்துக்கு வாரம் அது கூடிக்கொண்டே போகும். நான் உனக்குச் சொல்லவேண்டியது ஒன்றுதான். தேவன் நம்மை முதலில் பிள்ளைகளாக்குகிறார். பிள்ளைகளாக நடக்கச் சொல்வது அதற்குப் பிறகு. இந்த வரிசையை ஒருநாளும் மாற்றிப் பிரசங்கிக்காதே.

கலாத்தியர் நிருபத்தை ஒரே அமர்வில், தொடக்கத்திலிருந்து முடிவுவரை படி. ஆறே அதிகாரங்கள்தான். பவுல் தம் மற்ற நிருபங்களில் வாழ்த்துச் சொன்னதும் அந்தச் சபைக்காகத் தேவனுக்கு நன்றி சொல்வது வழக்கம். இதில் அந்த நன்றி இல்லை. எடுத்த எடுப்பிலேயே அதிர்ச்சியைச் சொல்கிறார். இன்றைய துருக்கியில் இருந்த அந்தச் சபைகளைக் கலக்கியவர்கள் கிறிஸ்துவை மறுத்தவர்கள் அல்லர். கிறிஸ்துவை விசுவாசியுங்கள், அதோடு விருத்தசேதனமும் செய்துகொள்ளுங்கள், அப்போதுதான் முழுமை என்றார்கள். அந்த 'அதோடு' என்பதில்தான் பவுல் ஆபத்தைக் கண்டார். கிறிஸ்துவோடு எதைக் கூட்டினாலும், நாளடைவில் ஜனங்கள் நம்பி நிற்பது கூட்டிய அந்தப் பொருளின்மேல்தான்.

இரண்டாம் அதிகாரத்தில் நின்று நிதானி. அந்தியோகியாவில் யூத விசுவாசிகளும் புறஜாதி விசுவாசிகளும் ஒரே பந்தியில் சாப்பிட்டுவந்தார்கள். பேதுருவும் கூட இருந்தார். எருசலேம் சபையின் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பேதுரு மெல்லப் பின்வாங்கினார். பர்னபாவும் அந்தப் பக்கம் இழுக்கப்பட்டார். பேதுரு அன்று எந்தத் தவறான உபதேசமும் செய்யவில்லை. எழுந்து போனார், அவ்வளவுதான். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரை எதிர்த்தார். சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ப அந்த நடை நேராக இல்லை என்பதே குற்றச்சாட்டு. நீதிமானாக்கப்படுதல் பற்றிய அந்தப் பெரிய உபதேசம், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததை மறக்காதே. சபையில் சட்டம் கிருபையின் இடத்தைப் பிடித்துவிட்டதா என்று அறிய வேண்டுமானால் பந்தியைப் பார். எழுந்து போனவர் யார், உட்காரத் தயங்குபவர் யார் என்று பார்.

இந்தக் கேள்வி நம் மண்ணுக்கும் புதிதல்ல. மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியது 1706-இல். அந்த ஊழியத்தில் வளர்ந்த சபைகளில் சாதிவாரியாக உட்காரும் பழக்கம் நிலைத்துவிட்டது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முற்றாக ஒழிய வேண்டும் என்று உத்தரவிட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதை எதிர்த்து விலகினார்கள். நாம் இன்றும் கண்ணீரோடு பாடுகிற கீர்த்தனைகளை எழுதிய வேதநாயக சாஸ்திரியார், சாதியை ஒழிக்க முனைந்த மிஷனரிகளை எதிர்த்து 1820-களிலேயே எழுதியவர். அவருடைய பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. அத்தனை பக்திக்குள்ளும் பிறப்பு தன் ஆசனத்தை விட்டு எழவில்லை என்பதுதான் வேதனை. ஞானஸ்நானம் கொடுத்த அடையாளம் மேலே பூசிய எண்ணெயாக நின்றது. சாதி கொடுத்த அடையாளம் எலும்பாக இருந்தது.

பிஷப்பின் உத்தரவு நியாயமானது. ஆனால் உத்தரவால் ஆசனத்தை மாற்றலாம். சகோதரனை உண்டாக்க முடியாது. நான் எதனாலும் சம்பாதிக்காத ஒன்றைப் பெற்றவன் என்று உள்ளே உணர்ந்தவன்தான் பக்கத்தில் இருப்பவனிடம் தகுதி கேட்காமல் இருப்பான். அதனால் சாதிக்கு எதிராகப் பேசுவதைக் கிருபையின் பிரசங்கத்துக்குப் புறம்பான சமூகப் பேச்சு என்று யாராவது சொன்னால் நம்பாதே. பிறப்பால் மேன்மை என்பது விருத்தசேதனத்தைப் போலவே ஒரு 'அதோடு'. உன் சேகரத்தில் சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகை வரும்போது எல்லாத் தெருவுக்கும் அழைப்புப் போனதா, சமைக்கிறவர்கள் யார், பரிமாறுகிறவர்கள் யார், கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் யார் என்று கவனி. கல்லறைத் தோட்டத்தில் பிரிவினை இருந்தால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு கடந்து போகாதே.

அடுத்து, நீ எழுதியிருந்த பட்டியலுக்கு வருகிறேன். நகை போடலாமா, பூ வைக்கலாமா, சினிமா பார்க்கலாமா, தசமபாகம் தராதவருக்கு ஆசீர்வாதம் உண்டா, உபவாசம் இல்லாமல் ஜெபம் கேட்கப்படுமா என்று உன் சபையார் கேட்கிறார்கள். இதில் அவசரப்படாதே. விசுவாசத்தினால் நகையைக் கழற்றி வைத்த அம்மாமார் நம்மிடையே உண்டு. வரதட்சணைக்காகப் பெண்களை நிறுத்துப் பார்க்கிற ஊரில் அப்படிச் செய்தது சிலருக்கு உண்மையான விடுதலையாகவே இருந்தது. அவர்களைக் கேலி செய்யும் கிருபை கிருபையல்ல. உபவாசமும் காணிக்கையும் நல்லவையே. ஆனால் அன்பினால் ஒருவர் செய்தது மற்றவர் வாசலில் நுழைவுச் சீட்டாக மாறும் நாளில் விஷமாகிறது. கழற்றியவர் கழற்றாதவரைக் கீழாகப் பார்க்கிறார். கழற்றாதவர் ஆலயத்தில் கடைசி வரிசைக்குப் போகிறார். மறுபடியும் பந்தி பிரிகிறது.

மிகக் கொடிய சட்டவாதத்தை நீ பிரசங்க மேடையில் சந்திக்கமாட்டாய். நோயாளியின் கட்டிலருகே சந்திப்பாய். புற்றுநோய் வந்தவரிடம், வீட்டில் என்ன பாவம் என்று கேட்பார்கள். பிள்ளையில்லாத பெண்ணிடம், எந்தப் பொருத்தனையைச் செலுத்தாமல் விட்டாய் என்பார்கள். பிறவியிலேயே பார்வையில்லாத மனிதனைக் காட்டிச் சீஷர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது இயேசு அந்தக் கணக்கையே ஏற்கவில்லை. யோவான் ஒன்பதாம் அதிகாரம். அங்கே உன் வேலை விளக்கம் சொல்வதல்ல. உட்கார், கையைப் பிடி, ஜெபம் செய். தேவன் உங்கள்மேல் கோபமாயிருப்பதற்கு இந்த வியாதி அத்தாட்சி அல்ல என்று தெளிவாகச் சொல்.

உனக்குச் சரித்திரம் பிடிக்கும் என்பதால் கலாத்தியர் நிருபம் நம் திருநெல்வேலிச் சீமைக்கு வந்த ஒரு பாதையைச் சொல்கிறேன். மார்ட்டின் லூத்தர் 1505-இல் எர்ஃபர்ட் மடத்தில் சேர்ந்தவர். உபவாசமும் விழிப்பும் ஓயாத பாவ அறிக்கையுமாக இருந்தும் அவருக்குச் சமாதானம் வரவில்லை. பிற்காலத்தில் கலாத்தியருக்கு அவர் நடத்திய விரிவுரைகள் 1535-இல் புத்தகமாயின. இங்கிலாந்தில், மனச்சாட்சியின் வாதையில் தவித்த ஜான் பன்யன் கையில் அந்தப் புத்தகத்தின் கந்தலான பிரதி ஒன்று கிடைத்தது. காயப்பட்ட மனச்சாட்சிக்கு வேதாகமத்துக்கு அடுத்தபடி தகுந்த நூல் அதுவே என்று அவர் தம் சுயசரிதையில் சாட்சி சொல்கிறார். 1678-இல் வெளிவந்த அவருடைய 'மோட்ச பிரயாணம்' நூலில், பாரம் சுமந்து வரும் யாத்திரிகனை உலகஞானி ஒருவன் வழிமாற்றி, நியாயப்பிரமாணத்தின் பெயர் கொண்ட ஒருவன் வீட்டுக்கு அனுப்புகிறான். அங்கே போனால் பாரம் இறங்கிவிடும் என்கிறான். கிட்டப் போகப் போக வழியிலுள்ள மலை தலைமேல் விழுவதுபோல் நிற்கிறது. பாரமோ முன்னைவிடக் கனக்கிறது. பாளையங்கோட்டைப் பக்கத்துக் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அந்தக் கதையைத் தழுவித் தமிழ்க் காப்பியமாக்கினார். 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வெளிவந்தது. அருளை நாடி உருகும் தமிழின் நெடிய மரபு அந்தச் செய்யுள்களில் கிறிஸ்துவின் பாதத்தில் வந்து சேர்ந்தது. ஆகவே கிருபை இறக்குமதிச் சரக்கு என்று எண்ணாதே. நம் மொழி அதற்கு ஏற்கெனவே பழகிய மொழி. அந்த மொழியில் பேசு.

ஜான் வெஸ்லியையும் நினைத்துக்கொள். 1728-இல் குருப்பட்டம் பெற்றார். ஆக்ஸ்ஃபோர்டில் நியமம் தவறாத ஜெபக்குழுவை நடத்தினார். மிஷனரியாக அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கும் போனார். இத்தனைக்கும் பிறகு, 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோதுதான், தம் பாவங்களைக் கிறிஸ்து எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் அவருக்கு வந்தது. குருப்பட்டம் அந்த நிச்சயத்தைத் தருவதில்லை தம்பி. ஆனால் நிச்சயம் வந்தபின் அவர் சும்மா இருக்கவில்லை. 1791-இல், மரணத்துக்குச் சில நாட்களே இருந்தபோதும், அடிமை வாணிபத்தை எதிர்த்துப் போராடும்படி பாராளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸுக்குக் கடிதம் எழுதி உற்சாகப்படுத்தினார்.

இதனால்தான், கிருபையைப் பேசினால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்ற பயத்துக்கு நான் உடன்படுவதில்லை. பவுலுக்கே அந்தக் கேள்வி வந்தது. ரோமர் ஆறாம் அதிகாரம் அதற்கான பதில். ஹிட்லரின் ஜெர்மனியில் சபை வாயடைத்து நின்றபோது, 1937-இல் போதகர் போன்ஹோபர் மலிவான கிருபையைப் பற்றி எழுதினார். 1945-இல் உயிரையும் கொடுத்தார். மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பைத்தான் அவர் மலிவு என்றார்; கிருபையைக் குறைத்துச் சட்டத்தைக் கூட்டச் சொல்லவில்லை. குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவனின் வழக்கு உன்னிடம் கட்டாயம் வரும். மன்னித்துப் போம்மா, கிருபையாய் நடந்துகொள் என்று அவளை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதே. அது கிருபையல்ல, பலவீனர் தலையில் ஏற்றிய இன்னொரு சட்டம். அவளுடைய பாதுகாப்பை முதலில் பார். தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்கு நீயே கூடப் போ. அவனிடம் பாவத்தைப் பாவமென்று சொல். மன்னிப்பு உண்டு என்பதையும் சொல். மாறவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்.

இனி உன் படிப்பறைக்கான ஆலோசனை. பிரசங்கம் தயாரிக்கும்போது, ஜனங்கள் என்ன செய்யவேண்டும் என்று எழுதுமுன், தேவன் கிறிஸ்துவில் என்ன செய்து முடித்தார் என்பதை எழுது. அது எழுத வராத வாரத்தில் பிரசங்கம் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று அறிந்துகொள். திடப்படுத்தல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் பத்துக் கற்பனைகளை ஒப்புவிக்கச் சொல்லுமுன், அந்தக் கற்பனைகளுக்கு முன்னால் தேவன் தம் ஜனத்தை எகிப்திலிருந்து விடுவித்ததை நினைப்பூட்டுகிறார் என்பதைக் காட்டு. சீனாய் மலையிலேயே வரிசை அதுதான்: விடுதலை முதலில், கட்டளை அடுத்து. ஆலயத்துக்கு வருவதை நிறுத்தியவர்களின் வீட்டுக்குப் போ. ஏன் வரவில்லை என்று விசாரிக்காமல், எப்படி இருக்கிறீர்கள் என்று கேள்.

உன்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேகரக் கமிட்டியின் பாராட்டு, காணிக்கைத் தொகை, இடமாற்றல் உத்தரவு ஆகியவை உனக்குள் ஒரு நியாயப்பிரமாணமாக வளரும். இவற்றைக் கொண்டு உன்னை நீயே நியாயந்தீர்க்கத் தொடங்கினால், அந்தத் தீர்ப்பின் பாரத்தை ஞாயிறுதோறும் ஜனங்கள் முதுகில் இறக்கிவைப்பாய். கடுமையான பிரசங்கங்கள் பலவும் பிரசங்கியாரின் சொந்தப் பயத்திலிருந்து வருகின்றன. கெட்ட குமாரன் உவமையில் மூத்தவன் வயலில் ஒழுங்காக உழைத்தான். ஆனாலும் மகனாக அல்ல, கூலிக்காரனாகவே தன்னை எண்ணியிருந்தான். அதனால் தம்பி திரும்பி வந்ததற்காக வைத்த விருந்தில் உட்கார அவனால் முடியவில்லை. தகப்பன் அவனையும் வருந்தி அழைக்க வெளியே வந்தார். நம்மைப் போன்ற ஊழியர்களுக்கு ஆபத்தும் அங்கேதான், நம்பிக்கையும் அங்கேதான். நீ பிரசங்கிப்பதற்கு முன்பே, நன்றாகப் பிரசங்கித்தாலும் தடுமாறினாலும், அவருடைய மகன். அந்த ஓய்விலிருந்து வேலை செய்.

மூப்பர்களோடு சண்டைக்குப் போகாதே. அவர்களும் மேய்க்கப்பட வேண்டிய ஆடுகளே. பத்து வாரம் கலாத்தியர் நிருபத்திலிருந்து பொறுமையாகப் பேசு. ஜெபம் கேட்டு வருகிற வரிசை குறையலாம், குறைந்தால் கலங்காதே. திருவிருந்தில் அப்பத்தை நீட்டும்போது எதிரே இருப்பவர் எந்தத் தெரு, எந்தச் சாதி, எவ்வளவு காணிக்கை, போன வாரம் யாரோடு சண்டை என்பதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும், உனக்குக் கிடைத்ததுபோலவே அவருக்கும் கொடு.

கர்த்தருக்குள் உன்மேல் அன்பான,
ஓய்வுபெற்ற ஒரு சேகரத்து ஐயர்