டெம்ப் கோப்புகளை ரேமில் வைக்க சில குறிப்புகள்

1. உங்கள் லினக்ஸ் ஏற்கெனவே அப்படித்தான் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். டெர்மினலில் டிஎஃப் கட்டளை கொடுத்து, ஸ்லாஷ் டெம்ப் உள்ள வரியில் ‘டெம்ப்எஃப்எஸ்’ என்று வந்தால் அது ரேமில்தான் இருக்கிறது. ஃபெடோராவில் 18ஆம் பதிப்பிலிருந்தும், டெபியனில் 2025இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்தும் இதுவே வழக்கம்.

2. டெபியன் 12இலிருந்து 13க்கு மாறியவர்களா? பழைய ஸ்லாஷ் டெம்ப்பில் கிடந்தவை அழிந்திருக்காது. பழைய பாயின் மேல் புதுப் பாய் விரித்த மாதிரி, டெம்ப்எஃப்எஸ் அதன்மேல் மவுன்ட் ஆகியிருக்கும். கோப்புகள் கண்ணில் படாமல் டிஸ்கை அடைத்துக்கொண்டிருக்கும். ரூட்டை ஸ்லாஷ் எம்என்டியில் பைண்ட் மவுன்ட் செய்து, அங்குள்ள டெம்ப்புக்குள் போய்ப் பாருங்கள்.

3. வேகம் பறக்கும் என்று நம்ப வேண்டாம். சாதாரணக் கோப்புகளையும் லினக்ஸ் ரேமில் கேஷ் செய்துதான் வைக்கிறது. டிஸ்கில் எழுதுவது குறைவதுதான் நிஜமான லாபம். எஸ்டி கார்டில் ஓடும் ராஸ்பெரி பைக்கு அதுவே போதும்.

4. அளவு சொல்லாவிட்டால் டெம்ப்எஃப்எஸ் மொத்த ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி என்றால் 4 ஜிபி. இது உச்சவரம்புதான், காலியாக இருக்கும்போது ரேமைப் பிடித்துவைக்காது. நடுவில் போதவில்லை என்றால் ரீமவுன்ட் செய்து சைஸைக் கூட்டலாம், ரீபூட் வேண்டாம்.

5. டிஸ்கில் 200 ஜிபி சும்மா கிடக்கும்போதே ‘இடமில்லை’ என்று ஒரு புரோகிராம் அழுதால், நிறைந்தது பெரும்பாலும் ஸ்லாஷ் டெம்ப்தான். வீடியோ எடிட்டிங், ஐஎஸ்ஓ தயாரிப்பு, பெரிய கோப்புகளை சார்ட் செய்வது எல்லாம் இந்த ரகம். அவற்றுக்கு மட்டும் டிஎம்பிடிஐஆர் மாறியில் ஸ்லாஷ் வார் டெம்ப்பைக் கொடுத்துவிடுங்கள். அது டிஸ்கில் இருப்பதால் கரன்ட் போனாலும் கோப்பு இருக்கும். ஆனால் அங்கேயே குடிவைக்காதீர்கள்; சிஸ்டம்டியின் வழக்கமான அமைப்பில் 30 நாள் தொடாத கோப்பு அங்கும் துடைக்கப்படும்.

6. கோப்பை அழித்தும் இடம் திரும்பவில்லையா? ஏதோ ஒரு புரோகிராம் அதை இன்னும் திறந்துவைத்திருக்கிறது. அதை மூடுங்கள்.

7. ரேம் நெருக்கடியானால் டெம்ப்எஃப்எஸ் கோப்புகள் ஸ்வாப்புக்குப் போகும், அதாவது பெரும்பாலும் டிஸ்குக்கு. ரகசியக் கோப்பு என்றால் ஸ்வாப்பை என்கிரிப்ட் செய்யுங்கள். கெர்னல் 6.4 முதல் ‘நோஸ்வாப்’ என்ற மவுன்ட் ஆப்ஷனும் உண்டு.

8. டெம்ப்எஃப்எஸ்ஸுக்குப் பதிலாக ரேம்எஃப்எஸ் பக்கம் போகாதீர்கள். அதற்கு வரம்பு கிடையாது. எழுத எழுத ரேமை விழுங்கிக் கணினியையே முடக்கிவிடும்.